உள்வீட்டு விவகாரம்

"இது எங்கள் குடும்ப விவகாரம். கேட்பதற்கு நீங்கள் யார்?"

இந்த வாக்கியம் காதில் விழாத தெரு நம் நாட்டில் இராது. உள்ளே ஒரு பெண் அடிபட்டு அலறுகிறாள். அண்டை அயலார் நாலு பேர் வாசலில் வந்து நிற்கிறார்கள். வீட்டுக்காரன் கதவைப் பாதி திறந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மேற்படி கேள்வியைக் கேட்கிறான். வந்தவர்களில் மூன்று பேர், "நமக்கேன் ஊர் வம்பு?" என்று திரும்பி நடக்கிறார்கள். நாலாவது ஆள் மட்டும் நகர மறுக்கிறான். அடிபடுகிறவளுக்கு உலகத்தில் இருக்கும் ஒரே நம்பிக்கை அந்த நாலாவது ஆள்தான்.

நாடுகளின் உலகத்திலும் இதே வாக்கியம் இருக்கிறது. அங்கே அதற்குக் கோட்டும் சூட்டும் மாட்டிவிட்டிருக்கிறார்கள். "உள்நாட்டு விவகாரம்" என்பது அதன் பெயர். ஐக்கிய நாடுகள் சாசனத்தின் இரண்டாவது விதி, ஏழாவது பிரிவு என்று அதற்கு விலாசம்கூட உண்டு. ஒரு நாட்டின் உள்விவகாரங்களில் ஐ.நா. சபை தலையிடக் கூடாது என்பது அதன் சாரம். நல்ல விதிதான். பெரிய நாடுகள் சிறிய நாடுகளின் அடுப்பங்கரை வரையில் புகுந்துவிடாமல் தடுக்க அது வேண்டும். ஆனால் கதவு எதற்காகப் போடப்பட்டது என்பது வேறு, கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது வேறு.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. ஐ.நா. சபை பிறந்த காலத்தில், அந்தக் கதவைத் தட்டிய நாலாவது ஆளாக நின்ற தேசம் இந்தியா. இன்று அதே தேசம் திரும்பி நடக்கும் மூன்று பேரில் ஒன்றாகிவிட்டது. சில சமயம் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்கிறவனாகவே ஆகிவிட்டது. இதை ராஜதந்திரம் என்று சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் இதைச் சறுக்கல் என்கிறேன்.

கதை எழுதுகிறவனுக்கு ஜெனிவா விவகாரம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். மனிதன் மனிதனுக்கு இழைக்கும் துன்பத்தைப் பற்றி எழுதுவதுதான் என் தொழில். அந்தத் துன்பத்தைப் பற்றி 47 நாடுகள் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து வோட்டுப் போடும்போது என் நாட்டின் கை எங்கே இருந்தது என்று கேட்பதற்கு எனக்குப் பாத்தியதை உண்டு, உங்களுக்கும் உண்டு.

பழைய கணக்கிலிருந்து தொடங்குவோம்.

1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் 342 பேர் இருந்தார்கள். கரும்புத் தோட்டத்தில் வேலை செய்வதற்காக ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள். ஒப்பந்தம் முடிந்தும் பலர் அங்கேயே தங்கினார்கள். காய்கறி பயிரிட்டார்கள், கடை வைத்தார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள். உழைக்கும்போது தேவைப்பட்ட மனிதர்கள், உட்கார இடம் கேட்டபோது வேண்டாதவர்களானார்கள். தலைக்கு 3 பவுன் வரி போட்டார்கள். இந்து, முஸ்லிம் முறைப்படி நடந்த கல்யாணங்கள் செல்லாது என்று தீர்ப்பளித்தார்கள். அதை எதிர்த்துச் சிறை சென்று, காய்ச்சலோடு வெளியே வந்து, 1914-இல் பதினாறு வயதில் உயிர் விட்ட தில்லையாடி வள்ளியம்மையின் பெயரை நம் குழந்தைகள் பாடப்புத்தகத்தில் படிக்கிறார்கள்.

1946 ஜூன் மாதத்தில் தென்னாப்பிரிக்க அரசாங்கம் இன்னொரு சட்டம் கொண்டுவந்தது. நேட்டாலில் இந்தியர்கள் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று கோடு கிழிக்கும் சட்டம். டர்பன் இந்தியர்கள் வெள்ளையருக்கென்று ஒதுக்கிய நிலத்தில் கூடாரம் அடித்து உட்கார்ந்தார்கள். ஏறக்குறைய 2000 பேர் சிறைக்குப் போனார்கள்.

அந்த மாதமே இந்தியா ஐ.நா. சபையிடம் புகார் கொடுத்தது. அப்போது நம் நிலைமை என்ன என்று யோசித்துப் பாருங்கள். நாடு சுதந்திரம் அடையவில்லை. டில்லியில் இன்னும் யூனியன் ஜாக் பறந்துகொண்டிருந்தது. உணவுக்குப் பஞ்சம். ஆகஸ்டில் கல்கத்தா தெருக்களில் ரத்தம் ஓடிற்று. அக்டோபரில் நவகாளி, அதன் பின் பீகார். இப்படிப்பட்ட ஒரு நாட்டின் பிரதிநிதியாகத்தான் விஜயலட்சுமி பண்டிட் நியூயார்க்கில் எழுந்து நின்றார். எதிரே உட்கார்ந்திருந்தவர் சாதாரண மனிதர் அல்ல. ஜெனரல் ஸ்மட்ஸ், ஐ.நா. சாசனத்தின் முகவுரைக்கு முதல் வரைவு எழுதிக் கொடுத்த மேதை. மனிதனின் மதிப்பைப் பற்றி அத்தனை அழகாக எழுதியவருடைய நாட்டில், மனிதன் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்பதை அவன் தோலின் நிறம் தீர்மானித்தது.

ஸ்மட்ஸ் தரப்பு என்ன பதில் சொல்லிற்று தெரியுமா? இரண்டே பதில்கள்தான். ஒன்று, "இது எங்கள் உள்நாட்டு விவகாரம்." இரண்டு, "உங்கள் வீட்டைப் பாருங்கள். உங்களிடம் சாதி இல்லையா? மதக் கலவரம் இல்லையா?" பிரிட்டனும் அமெரிக்காவும், சட்டச் சிக்கலாக இருக்கிறது, சர்வதேச நீதிமன்றத்தைக் கேட்டுப் பார்க்கலாமே என்று நாசூக்காக ஒரு யோசனை சொல்லின. சங்கடமான விஷயத்தைக் கமிட்டிக்கு அனுப்பும் கலை அன்றே இருந்தது.

இந்தியா அசையவில்லை. மனிதனை மனிதனாக நடத்துவது எந்த ஒரு நாட்டின் தனிப்பட்ட விவகாரமும் அல்ல என்று வாதாடிற்று. 1946 டிசம்பர் 8-ந் தேதி வோட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 32, எதிர்ப்பு 15, ஒதுங்கிக்கொண்டவர்கள் 7. மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையோடு தீர்மானம் நிறைவேறிற்று. 'உள்நாட்டு விவகாரம்' என்னும் கதவில் முதல் ஓட்டை விழுந்தது. போட்டது, இன்னும் விடுதலை பெறாத ஒரு நாடு.

இதோடு நிற்கவில்லை. தென்னாப்பிரிக்காவோடு வியாபாரத்தை இந்தியா நிறுத்திக்கொண்டது. 1952-இல் வேறு 12 ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளோடு சேர்ந்து, இந்தியர் பிரச்னை மட்டுமல்ல, கறுப்பு மக்களை அடக்கும் நிறவெறிக் கொள்கை முழுவதுமே உலகத்தின் விவகாரம் என்று சபையின் முன் கொண்டுவந்து வைத்தது. நம்மவருக்காகத் தட்டிய கதவை, பிறகு எல்லாருக்காகவும் தட்டினோம். 1946-க்கும் 1952-க்கும் இடையே இந்தியா வளர்ந்த உயரம் அது.

இந்த இடத்தில் இன்னொரு பெண்மணியையும் நினைத்துக்கொள்ள வேண்டும். குஜராத்தியில் குழந்தைகளுக்காகப் புத்தகங்கள் எழுதிய ஹன்ஸா மேத்தா, மனித உரிமைக் கமிஷனில் இந்தியாவின் பிரதிநிதியாக இருந்தார். உலகப் பிரகடனத்தின் முதல் விதி தயாராகிக் கொண்டிருந்தது. "ஆண்கள் எல்லாரும்" என்று பொருள்படும்படியும் படிக்கக்கூடிய ஓர் ஆங்கிலச் சொல்லை வைத்து வாக்கியம் தொடங்கிற்று. அந்தச் சொல்லில் மனித குலம் முழுவதும் அடக்கம் என்று மற்றவர்கள் சமாதானம் சொன்னார்கள். இவர் ஒப்பவில்லை. பெண்களை வெளியே நிறுத்த நினைக்கிறவன் அந்தச் சொல்லைத்தான் பிடித்துக்கொள்வான் என்று அவருக்குத் தெரியும். கடைசியில், "மனிதப் பிறவிகள் எல்லாரும்" என்று அது மாறிற்று. ஒரு சொல்லின் பலம் என்ன என்பது எழுதுகிறவர்களுக்குத் தெரியும். இந்தியாவின் பெயரால் உலகத்துக்குக் கொடுக்கப்பட்ட அந்த ஒரு சொல், பல யுத்தக் கப்பல்களுக்குச் சமம் என்பேன்.

1948 டிசம்பர் 10-ந் தேதி அந்தப் பிரகடனம் நிறைவேறியது. ஆதரவு 48. எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. ஆனால் 8 நாடுகள் கையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தன. சோவியத் ரஷ்யாவும் அதைச் சேர்ந்த நாடுகளும், சவூதி அரேபியாவும், தென்னாப்பிரிக்காவும். எதிர்த்து வோட்டுப் போட வெட்கம். ஆதரித்துப் போட மனமில்லை. ஆகவே 'ஒதுங்கிக்கொண்டோம்' என்றார்கள். அவர்களை அன்று யாராவது நடுநிலையாளர்கள் என்று புகழ்ந்தார்களா? அந்த எட்டு நாடுகளின் ஜாபிதாவை வாசகர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் அந்த ஆசனத்தில் இப்போது நாம் அடிக்கடி உட்காருகிறோம்.

பழைய கமிஷனுக்குப் பதிலாக 2006-இல் மனித உரிமைகள் கவுன்சில் என்ற புதிய சபை ஜெனிவாவில் தொடங்கப்பட்டது. 47 ஸ்தானங்கள். முதல் தேர்தலில் இந்தியாவுக்கு 173 வோட்டுகள் கிடைத்தன, ஆசிய நாடுகளிலேயே அதிகம். உலகம் நம்மிடம் அவ்வளவு நம்பிக்கை வைத்தது. பிறகு பல முறை தேர்ந்தெடுக்கப்பட்டோம். 2025 அக்டோபரிலும் 2026 முதல் 2028 வரைக்கான ஸ்தானம் போட்டியில்லாமலே கிடைத்தது. ஸ்தானம் வாங்குவதில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள். வாங்கிய ஸ்தானத்தில் உட்கார்ந்து என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

இலங்கையை எடுத்துக்கொள்வோம். 2009 மே மாதம் யுத்தம் முடிந்த சில நாட்களுக்குள், முள்ளிவாய்க்கால் மணலில் ரத்தம் காயுமுன், கவுன்சில் விசேஷக் கூட்டம் போட்டது. இலங்கை அரசாங்கத்துக்குச் சாதகமான தீர்மானம் 29 வோட்டுகளோடு நிறைவேறிற்று. அந்த 29-இல் இந்தியாவும் ஒன்று. 2012-இலும் 2013-இலும் பொறுப்புக் கூற வேண்டும் என்று இலங்கையைக் கேட்ட தீர்மானங்களை இந்தியா ஆதரித்தது. 2014-இல் சர்வதேச விசாரணை என்ற பேச்சு வந்ததும், அது இறையாண்மையில் குறுக்கிடுவது என்று ஒதுங்கிக்கொண்டது. 2021-இலும் ஒதுங்கிற்று, 2022-இலும் ஒதுங்கிற்று. ஆதரவு, எதிர்ப்பு, ஒதுக்கம் என்று ஐந்தாறு வருஷத்துக்குள் இத்தனை திசையில் திரும்பிய கையை, கொள்கை என்ற ஒரு நூல் ஆட்டுகிறது என்று யார் நம்புவார்கள்?

2022 அக்டோபர் 6-ந் தேதியை மட்டும் தனியாக எடுத்துப் பார்ப்போம். அன்று ஒரே நாளில் இரண்டு வோட்டெடுப்புகள். முதலாவது, சீனாவின் சின்ஜியாங் பிரதேசத்தில் உய்குர் முஸ்லிம்கள் நடத்தப்படும் விதம் பற்றியது. சீனாவைக் கண்டிக்கும்படிகூட அங்கே யாரும் கேட்கவில்லை. ஐ.நா. அலுவலகமே வெளியிட்ட ஓர் அறிக்கையைப் பற்றி 'விவாதிக்கலாமா?' என்பதுதான் கேள்வி. ஆதரவு 17, எதிர்ப்பு 19, ஒதுங்கியவர்கள் 11. பேசவே கூடாது என்று தீர்மானமாகிவிட்டது. ஒதுங்கிய 11-இல் இந்தியா ஒன்று. எல்லையில் நம் சிப்பாய்களோடு மோதுகிற நாட்டைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டதற்குக்கூட நமக்குத் தலையாட்டத் துணிவில்லை! மறுநாள் டில்லியில், அந்தப் பிரதேச மக்களின் உரிமைகள் மதிக்கப்பட வேண்டும் என்று ஓர் அறிக்கை மட்டும் வந்தது.

இரண்டாவது வோட்டெடுப்பு இலங்கை பற்றியது. ஆதரவு 20, எதிர்ப்பு 7, ஒதுங்கியவர்கள் 20. இங்கேயும் இந்தியா ஒதுங்கிற்று. வேடிக்கை என்னவென்றால், அதே கூட்டத்தில் நம் பிரதிநிதி பேசும்போது, பதின்மூன்றாவது திருத்தத்தை நிறைவேற்றுவது, மாகாணசபைத் தேர்தல் நடத்துவது ஆகிய வாக்குறுதிகளில் இலங்கையின் முன்னேற்றம் போதாது என்று குறைப்பட்டுக்கொண்டார். வாய் 'போதாது' என்கிறது; கை எழும்ப மறுக்கிறது. சாட்சிக் கூண்டில் ஏறி, "நான் எல்லாவற்றையும் பார்த்தேன், ஆனால் சாட்சி சொல்ல மாட்டேன்" என்று இறங்கி வருகிறவனை நாம் என்ன பெயரிட்டு அழைப்போம்?

மேற்கத்தியர் கொண்டுவரும் தீர்மானங்களில் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2024 ஏப்ரலில், காஸா யுத்தத்தை முன்னிட்டு இஸ்ரேலுக்கு ஆயுதம் விற்பதை நிறுத்தச் சொன்ன தீர்மானம் 28 வோட்டுகளோடு நிறைவேறியது. அங்கேயும் இந்தியா ஒதுங்கிற்று. 2022-இல் உக்ரெய்ன் பற்றிய விசாரணைக் கமிஷன் அமைக்கும் தீர்மானத்திலும் அதே கதைதான். 2021-இல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததைக் கண்டித்து ஐ.நா. பொதுச்சபையில் 119 நாடுகள் வோட்டளித்தபோதும் ஒதுங்கியவர்களோடு ஒதுங்கியிருந்தோம். கிழக்கா மேற்கா, வலதா இடதா என்பது விஷயமே இல்லை. பலசாலியின் முகம் கோணக்கூடாது, அவ்வளவுதான்.

இதற்குச் சொல்லப்படும் சமாதானங்களைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்வது நியாயமல்ல. ஆகையால் ஒவ்வொன்றாகக் கேட்போம்.

"ஒரு குறிப்பிட்ட நாட்டின் பெயரைச் சொல்லி நிறைவேற்றும் தீர்மானங்களால் எப்போதும் பயனில்லை, இது நம் நெடுங்காலக் கொள்கை" என்பது முதல் சமாதானம். எவ்வளவு நெடுங்காலம்? 1946-இல் நாம் கொண்டுபோனது எந்த நாட்டின் பெயரையும் சொல்லாத தத்துவ விசாரமா? அது தென்னாப்பிரிக்கா என்னும் குறிப்பிட்ட நாட்டின் மேல், குறிப்பிட்ட சட்டத்துக்காகக் கொடுத்த புகார். 2012-இலும் 2013-இலும் நாம் ஆதரித்தவை இலங்கையின் பெயரைத் தலைப்பிலேயே தாங்கிய தீர்மானங்கள். அப்படியானால் இது நெடுங்காலக் கொள்கையா, நேற்றுப் பொறுக்கியெடுத்த சாக்கா?

"தீர்மானத்தால் என்ன ஆகும்? வெறும் காகிதம்தானே?" என்பது இரண்டாவது. 1946-இல் ஸ்மட்ஸும் ஏறக்குறைய இதையே சொன்னார். வோட்டெடுப்பு முடிந்த பின், இது வெறும் வெற்று வெற்றி, இதனால் தம் பதவி போகும், ஆனால் உங்களுக்கும் பயன் கிட்டாது என்று அவர் தம்மிடம் சொன்னதாக விஜயலட்சுமி பண்டிட் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அவர் வாக்கு ஒரு வகையில் பலித்தது. 1948-இல் ஸ்மட்ஸ் தோற்றார். அவரைவிடக் கொடிய நிறவெறியர்கள் வந்தார்கள். ஆனால் அந்தக் காகிதம் சாகவில்லை. வருஷா வருஷம் புதுக் காகிதம் சேர்ந்தது. காகிதத்தின் பின்னால் வியாபாரத் தடை வந்தது, விளையாட்டுத் தடை வந்தது, ஆயுதத் தடை வந்தது. 1994 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவின் கறுப்பு மக்கள் வரிசையில் நின்று முதன்முறையாக வோட்டுப் போட்டார்கள். நாற்பத்தெட்டு வருஷம் ஆயிற்று. காகிதம் மெதுவாகத்தான் வேலை செய்கிறது. அந்தக் காகிதமும் இல்லாதவனைக் கேட்டுப் பாருங்கள், அதன் அருமை தெரியும்.

மூன்றாவது சமாதானம் கொஞ்சம் கனமானது. "வெள்ளைக்கார நாடுகள் யோக்கியமா? தங்கள் சிநேகிதர்கள் செய்தால் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். எதிரிகள் செய்தால் கூச்சல் போடுகிறார்கள். அந்தக் கூத்தில் நாம் ஏன் சேர வேண்டும்?" இந்தக் குற்றச்சாட்டு உண்மை. மனித உரிமையைப் பற்றி உலகத்துக்கே உபதேசம் செய்யும் அமெரிக்கா, 2018-இல் இந்தக் கவுன்சிலை விட்டே வெளியேறியது; பிறகு திரும்பி வந்து, 2025-இல் மறுபடியும் வெளியேறியது. ஆனால் உபதேசிகள் கபடர்கள் என்பதால் அடிபடுகிறவனுக்கு வலிக்காமல் போய்விடுமா? மேற்கத்தியர் கையில் இந்த ஆயுதம் மழுங்கிப் போயிருக்கிறது என்றால், காலனி ஆட்சியில் நொந்த நாடு, எவரையும் அடிமைப்படுத்தாத நாடு, அதைக் கையில் எடுப்பதற்கு இதைவிட நல்ல காரணம் ஏது? இந்தியா 'இது அநியாயம்' என்று சொன்னால், அதை வெள்ளைக்காரன் சூழ்ச்சி என்று யாரும் தள்ளிவிட முடியாது. அந்த ஒரு பலம் உலகத்தில் மிகச் சில நாடுகளுக்கே உண்டு. அதை இரும்புப் பெட்டியில் பூட்டிவைத்துத் துருப்பிடிக்க விடுகிறோம்.

நான்காவது, தேச நலன். ரஷ்யாவிடம் ஆயுதம் வாங்குகிறோம். இலங்கையை விட்டால் சீனா புகுந்துவிடும். பர்மா எல்லையில் கலகக்காரர்கள் இருக்கிறார்கள். எல்லாம் மெய். அரசாங்கம் நடத்துவது பஜனை மடம் நடத்துவது அல்ல என்பதும் தெரியும். ஆனால் ஒன்று கேட்கிறேன். 1946-இல் நமக்குத் தேச நலன் இல்லையா? பஞ்சத்தில் கிடந்த நாடு வந்த வியாபாரத்தை வேண்டாமென்றது. அன்று பலவீனராக இருந்தபோது பேச முடிந்தது. இன்று உலகத்தின் பெரிய பொருளாதாரங்களில் ஒன்று என்று மார்தட்டிக்கொள்ளும்போது பேச முடியவில்லை. வளர வளர வாய் அடைத்துப்போகும் என்றால் அந்த வளர்ச்சி எதற்கு?

இவை எல்லாவற்றையும் விடச் சங்கடமான காரணம் ஒன்று உண்டு. அதை வெளிப்படையாக யாரும் சொல்வதில்லை. பிறர் வீட்டுக் கதவைத் தட்டினால், நாளைக்கு நம் வீட்டுக் கதவையும் தட்டுவார்களே என்ற பயம்தான் அது.

அந்தப் பயம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு மறுபடியும் டர்பனுக்கே போக வேண்டும். 1965-இல் எல்லாவித இனப் பாகுபாடுகளையும் ஒழிப்பதற்கான சர்வதேச உடன்படிக்கை தயாரானபோது, பாகுபாட்டின் காரணங்களில் 'வம்சாவளி' என்னும் சொல்லைச் சேர்க்கச் சொன்னது இந்தியாதான். சொல் சேர்ந்தது. பின்னால், 1996-இல், உடன்படிக்கைக் குழு சாதிக் கொடுமையும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும் என்றபோது, இந்தியா அடங்காது என்று வாதாடிற்று. அயல்நாடுகளில் பாகுபாட்டுக்கு ஆளான இந்தியர்களை நினைத்தே அந்தச் சொல்லைச் சேர்த்தோம் என்று விளக்கமும் சொல்லப்பட்டது. நம்மவன் வெளிநாட்டில் பிறப்பால் இழிவுபட்டால் அது உலக விவகாரம். உள்நாட்டில் சேரியில் இழிவுபட்டால் அது வீட்டு விவகாரம்!

2001-இல் ஐ.நா.வின் நிறவெறி எதிர்ப்பு மாநாடு நடந்தது. எந்த ஊரில்? 'ட்ரூரோ' போய் நின்ற அதே டர்பனில். இந்தியாவிலிருந்து தாழ்த்தப்பட்ட மக்களின் இயக்கத்தார் பலர் தங்கள் குறையை உலகத்தின் முன் வைக்கப் போயிருந்தார்கள். இந்திய அரசாங்கம் அரும்பாடுபட்டு, முடிவு அறிக்கையில் சாதி என்ற பேச்சு வராமல் பார்த்துக்கொண்டது. தீண்டாமையை அரசியல் சட்டத்தின் 17-வது ஷரத்தினால் ஒழித்தோம், சட்டங்கள் இயற்றினோம், எங்களை நாங்களே திருத்திக்கொள்வோம் என்றார்கள். சட்டங்கள் இருப்பது உண்மை. ஆனால் 1946-இல் ஸ்மட்ஸும் எங்களை நாங்களே பார்த்துக்கொள்வோம் என்றுதானே சொன்னார்? எந்த மண்ணில் எந்த வாதத்தை உடைத்தோமோ, அந்த மண்ணிலேயே அதே வாதத்தைப் பொறுக்கியெடுத்து நம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டோம். 2018-இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் காஷ்மீர் பற்றி அறிக்கை வெளியிட்டபோதும், இது இறையாண்மையில் தலையிடுவது என்று அதையேதான் எடுத்து நீட்டினோம். அறிக்கையில் தவறு இருந்தால் வரிக்கு வரி மறுக்கலாம். கதவைச் சாத்துவது மறுப்பாகாது.

சித்திரவதைக்கு எதிரான சர்வதேச உடன்படிக்கை என்று ஒன்று உண்டு. போலீஸோ ராணுவமோ கையில் சிக்கியவனை வதைக்கக் கூடாது, வதைத்தால் தண்டிக்க வேண்டும் என்பது அதன் சாரம். இந்தியா அதில் 1997 அக்டோபரில் கையெழுத்துப் போட்டது. கையெழுத்துப் போட்டால் போதாது. உறுதிப்படுத்தினால்தான் அது நம்மைக் கட்டுப்படுத்தும். கால் நூற்றாண்டு கடந்த பின்னும் உறுதிப்படுத்தவில்லை. 2010-இல் அதற்கென ஒரு மசோதா லோக்சபையில் நிறைவேறிற்று, பிறகு காலாவதியாயிற்று. கல்யாண நிச்சயதார்த்தம் செய்துவிட்டு மாப்பிள்ளை இருபத்தைந்து வருஷமாக ஊரில் இல்லை என்றால் அந்தக் கல்யாணத்தைப் பற்றி என்ன நினைப்பது? இது ஏதோ ஜெனிவாவின் காகித விஷயம் என்று நினைக்கிறவர்கள், 2020 ஜூன் மாதம் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட ஒரு தந்தையும் மகனும் உயிரோடு வீடு திரும்பவில்லை என்பதை நினைத்துக்கொள்ளட்டும்.

இங்கே நம் தமிழ்நாட்டாரிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. இலங்கைத் தீர்மானம் வரும்போது நாம் ஊர்வலம் போகிறோம். 2013 மார்ச்சில் அதற்காக ஒரு கட்சி மத்திய ஆட்சியிலிருந்தே விலகியது. சரி, நல்லதுதான். ஆனால் சின்ஜியாங் வோட்டெடுப்பன்று நம்மில் எத்தனை பேர் அதைப் பற்றிக் கேட்டோம்? பர்மாவிலிருந்து துரத்தப்பட்ட ரோஹிங்கியாக்களுக்காக எந்தக் கட்சி பந்தல் போட்டது? நம்மவருக்காக மட்டும் அழுவது பந்துப் பாசம். அது இயற்கை, குற்றமல்ல. அதற்கு மனித உரிமை என்ற பெரிய பெயரை வைப்பதுதான் குற்றம். மேடையில் யாதும் ஊரே என்று முழங்குகிறவர்கள், யாரும் கேளிர் என்ற பாதியை வீட்டில் வைத்துவிட்டு வரக் கூடாது.

'முதலில் நம் வீட்டைச் சுத்தம் செய்வோம், பிறகு ஊரைக் கேட்போம்' என்று ஒரு நல்ல மனிதர் சொல்லக்கூடும். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அப்படிக் காத்திருந்தால் 1946-இல் பண்டிட் அம்மையார் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பியிருக்க வேண்டும். கல்கத்தாவிலும் நவகாளியிலும் நடந்ததை மறைக்க முடியாது என்று தெரிந்துதான் அவர் எழுந்து நின்றார். ஊரைக் கேட்கிற வாய் இருந்தால்தான் வீட்டைக் கேட்கவும் கூச்சம் வரும். இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டும். ஒன்றைக் காரணம் காட்டி மற்றொன்றை ஒத்திப்போடுகிறவன் இரண்டையும் செய்வதில்லை.

நான் அசாத்தியமான காரியம் எதையும் கேட்கவில்லை. எல்லாத் தீர்மானத்துக்கும் கையைத் தூக்கு என்றும் சொல்லவில்லை. தீர்மானம் தவறு என்றால் எதிர்த்து வோட்டுப் போடட்டும்; அதற்கும் ஒரு மரியாதை உண்டு. சித்திரவதை உடன்படிக்கையை உறுதிப்படுத்தட்டும். இந்தியா ஒதுங்கிக்கொண்ட ஒவ்வொரு வோட்டெடுப்புக்கும் காரணம் என்ன என்று பார்லிமெண்டின் மேஜை மேல் அறிக்கை வைக்கட்டும். நூற்று நாற்பது கோடிப் பேர் சார்பில் ஒரு கை கீழே கிடந்தது என்றால், அந்த நூற்று நாற்பது கோடிப் பேருக்கு அது ஏன் என்று தெரிய வேண்டாமா?

அடுத்த தேர்தலில் உங்கள் தொகுதி வேட்பாளர் கைகூப்பிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். குடிதண்ணீரைப் பற்றிக் கேளுங்கள். ரோட்டைப் பற்றிக் கேளுங்கள். கடைசியில், ஜெனிவாவில் நம் பெயரால் நடக்கும் வோட்டெடுப்பைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்டு வையுங்கள். ஜெனிவா எந்த ஜில்லாவில் இருக்கிறது என்று அவர் விழிக்கக்கூடும். பரவாயில்லை. நாலு வாசலில் அதே கேள்வியைக் கேட்டால், ஐந்தாவது வாசலுக்குப் போகுமுன் அவர் விசாரித்துத் தெரிந்துகொள்வார்.